கைப்பேசியில் அரசியல் வாசிப்பதை நிறுத்தினால் குடிமைக் கடமையைக் கைவிட்டதாகுமா?

அதிகாலை வாசகி (கேள்வி):

சில வாரங்களாக என் மனத்தை அரித்துக்கொண்டிருக்கும் ஒன்றை இங்கே கேட்க விரும்புகிறேன். காலையில் கண் விழித்ததும் கைப்பேசியை எடுத்து, அரசியல் செய்திகளையும் அவற்றையொட்டி நடக்கும் சண்டைகளையும் முக்கால் மணி நேரம் பார்த்துவிட்டுத்தான் முகம் கழுவச் செல்வேன். ஏழெட்டு ஆண்டுகளாக இதுவே என் வழக்கம். அதை வீண்பொழுது என்று நான் எண்ணியதே இல்லை. நாட்டு நடப்பைத் தெரிந்துகொள்வது வாக்களிக்கும் ஒவ்வொருவருக்கும் உரிய கடமை என்றும், அதை நான் மற்றவர்களைவிட ஒழுங்காகச் செய்கிறேன் என்றும் உண்மையாகவே நம்பியிருந்தேன்.

அந்த நம்பிக்கை சென்ற மாதம் உடைந்தது. எங்கள் தெருவின் நடைபாதையைக் குறுக்கி வாகன நிறுத்துமிடம் அமைப்பதென்று உள்ளாட்சி மன்றம் முடிவெடுத்து, ஆட்சேபம் தெரிவிக்க முப்பது நாள் அவகாசம் கொடுத்திருக்கிறது. அந்த அறிவிப்பு என் வீட்டிலிருந்து இருபது அடி தொலைவிலுள்ள மின்கம்பத்தில் ஒட்டப்பட்டிருந்தது. முப்பது நாளும் அந்தக் கம்பத்தைக் கடந்துதான் வேலைக்குப் போனேன். முப்பது நாளும் என் பார்வை கைப்பேசித் திரையில் இருந்தது. அதே நாட்களில், நான் ஒருபோதும் கால் வைக்கப்போகாத ஒரு நாட்டில் அமைச்சர் ஒருவர் பதவி விலகியது சரியா தவறா என்று முன்பின் தெரியாத ஒருவருடன் நள்ளிரவு வரை வாதாடிக்கொண்டிருந்தேன். அவகாசம் முடிந்த பிறகு, ஊன்றுகோலுடன் நடக்கும் பக்கத்து வீட்டு அம்மாதான் என்னிடம் விவரம் சொன்னார். "நீதான் எல்லாச் செய்தியும் படிப்பவளாயிற்றே, நீ எழுதியிருப்பாய் என்றிருந்தேன்" என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை. ஆனாலும் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாளே சமூக ஊடகச் செயலிகள் அனைத்தையும் கைப்பேசியிலிருந்து நீக்கிவிட்டேன். மூன்று வாரங்கள் ஆகின்றன. மனம் அமைதியாக இருக்கிறது என்பதை மறைக்க மாட்டேன். என் அண்ணனோ இதை ஏற்கவில்லை. "யார் ஆட்சிக்கு வந்தாலும் உன் வாழ்க்கை பெரிதாக மாறாது, அதனால்தான் உன்னால் கண்ணை மூடிக்கொள்ள முடிகிறது" என்கிறார். அந்தச் சொல்லை என்னால் எளிதாகத் தள்ளிவிட முடியவில்லை. அரசியலிலிருந்து ஓடுகிறேனா, அல்லது அரசியல் என்று நான் தவறாக நினைத்துக்கொண்டிருந்த ஒன்றிலிருந்து விலகியிருக்கிறேனா? இதை எண்ணிப் பார்த்தவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

நிரல் நெய்பவன்:

வணக்கம். நீங்கள் சொன்ன மின்கம்பம் என் நினைவைவிட்டு அகலவில்லை. வரிசைப்படுத்தும் நிரல்களை எழுதுவதே என் தொழில் என்பதால், அந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

மின்கம்பத்து அறிவிப்பு உங்கள் திரைக்கு வராமல் போனது தற்செயல் அன்று. ஒரு பதிவு எத்தனை பேருக்குப் போய்ச்சேர வேண்டும் என்பதை அதன் பயன் தீர்மானிப்பதில்லை, அதைக் கண்டவர்கள் காட்டும் எதிர்வினைதான் தீர்மானிக்கிறது. ஃபேஸ்புக் 2016-இல் கோபம், வியப்பு, சோகம் முதலிய முகக்குறிகளை அறிமுகப்படுத்தியது. 2017 முதல் அத்தகைய ஒவ்வொரு குறிக்கும் ஒரு விருப்பக்குறியைப் போல ஐந்து மடங்கு மதிப்பு கொடுத்து வரிசைப்படுத்தியது என்பது, 2021-இல் வெளியே கசிந்த அந்நிறுவனத்தின் உள் ஆவணங்களால் தெரியவந்தது. கோபக்குறி பெறும் பதிவுகளில் பொய்யும் நச்சும் மிகுதி என்று உள்ளே இருந்தவர்களே எச்சரித்த பிறகு, படிப்படியாக அந்த மதிப்பைக் குறைத்து, 2020 செப்டம்பரில் கோபக்குறிக்குப் பூஜ்யம் என்று ஆக்கினார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் கோடிக்கணக்கானவர்களின் காலைப்பொழுதை அந்த ஒற்றை எண் வடிவமைத்திருக்கிறது. நடைபாதை அகலத்தைப் பற்றிய அறிவிப்பைக் கண்டு யாரும் கொதிப்பதில்லை. அமைச்சர் பதவி விலகினால் கொதிக்கிறார்கள். ஆகவே உங்களிடம் வந்து சேர்ந்தது அமைச்சர்தான்.

கீழே போகப் போக முடிவே இல்லாமல் நீளும் பக்கமும் இப்படித்தான். 2006-இல் அதை வடிவமைத்த அசா ராஸ்கின், பயன்படுத்துவோர் ஓரிடத்தில் நின்று யோசிப்பதற்கான வாய்ப்பை அது பறித்துவிட்டது என்று பின்னாளில் வெளிப்படையாகவே வருந்தியிருக்கிறார். செய்தித்தாளுக்குக் கடைசிப் பக்கம் உண்டு, வானொலிச் செய்திக்கு நிறைவு அறிவிப்பு உண்டு. "இன்றைக்கு இவ்வளவுதான்" என்று சொல்லும் அந்தச் சிறிய தடுப்பு நம் மனத்துக்கு எவ்வளவு தேவையானது என்பதை, அது அகற்றப்பட்ட பிறகே நாம் உணர்ந்தோம்.

என் கருத்தைக் கேட்டால், நீங்கள் ஓடவில்லை. எதைப் பார்ப்பது என்று தேர்ந்தெடுக்கும் பொறுப்பை வேறொருவர் எழுதிய நிரலிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள். ஆனால் வாங்கிய பொறுப்பை ஏற்று நடத்தவும் வேண்டும். நான் செய்தியோடை வாசிப்பான் ஒன்றைப் பயன்படுத்துகிறேன். கூகுள் தன்னுடைய வாசிப்பானை 2013-இல் மூடியபோது இந்த நுட்பமே செத்துவிட்டது என்றார்கள். அது இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. நானே தேர்ந்தெடுத்த பதினொரு தளங்களின் பதிவுகள் மட்டும், வெளியான வரிசையிலேயே எனக்கு வருகின்றன. படித்து முடித்தால் பக்கம் வெறுமையாகிவிடும். அந்த வெறுமையைப் பார்க்க எனக்கு மிகவும் பிடிக்கும்.

எதிர்க்கரை:

முந்தைய மறுமொழியை மதிக்கிறேன். ஆயினும் உங்கள் அண்ணன் சொன்னதில் உண்மை இருக்கிறது என்பதை யாராவது ஒருவர் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்.

நான் சக்கர நாற்காலியில் இருப்பவன். மாதந்தோறும் எனக்கு வரும் உதவித்தொகையின் விதிகளை மூன்று ஆண்டுகளுக்கு முன் மாற்றினார்கள். மருத்துவச் சான்றிதழைப் புதுப்பித்துத் தராதவர்களின் பெயர் குறிப்பிட்ட நாளுக்குப் பின் பட்டியலிலிருந்து நீக்கப்படும் என்பது புதிய விதி. உரிய அலுவலகம் எனக்குக் கடிதம் எழுதவில்லை. நாளிதழ்களில் அது வந்திருந்தால் நான்கு வரியில் வந்திருக்கும். என் கண்ணில் படவில்லை. என்னைப் போன்றவர்கள் நாற்பது பேர் இருக்கும் ஒரு குழுவில், கெடு முடிய ஆறு நாள் இருக்கும்போது ஒரு பெண் அதை எழுதினார். அவர் அன்று எழுதாமல் இருந்திருந்தாலோ, மன அமைதி வேண்டும் என்று நான் அந்தச் செயலியை நீக்கியிருந்தாலோ, என் நிலை என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே அச்சமாக இருக்கிறது.

பிறகு அதே குழு வழியாகத்தான் நாங்கள் ஒன்றுசேர்ந்து மனு எழுதினோம். வீட்டைவிட்டு வெளியே வருவதே பெரும்பாடாக உள்ள நாற்பது பேர், வேறு எந்த வழியில் சேர்ந்திருக்க முடியும்? கூட்ட அரங்குக்குப் போகலாமே என்று சொல்பவர்கள் அந்த அரங்கின் படிக்கட்டுகளை எண்ணிப் பார்த்ததில்லை. "கைப்பேசி அரசியல் போலியானது" என்று பொதுவாகச் சொல்லப்படும்போதெல்லாம் எனக்கு வலிக்கிறது. எங்களில் பலருக்குக் கிடைத்திருக்கும் ஒரே அரசியல் அதுதான். நீங்கள் விலகலாம். விலக முடிவதே ஒரு வசதி என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

ஆய்வுப் பிரியை:

உங்கள் கேள்வியை ஏறத்தாழ அப்படியே சோதித்துப் பார்த்த ஓர் ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவில் 2018 நவம்பர் இடைக்காலத் தேர்தலுக்கு முந்தைய நான்கு வாரங்கள், ஃபேஸ்புக் கணக்கை முடக்கி வைப்பதற்குச் சிலருக்குப் பணம் கொடுத்து, மற்றவர்களை வழக்கம்போல் இருக்கவிட்டு, பொருளியல் அறிஞர்கள் இரு தரப்பையும் ஒப்பிட்டார்கள். பங்கேற்றவர்கள் 2,700-க்கும் மேற்பட்டோர். விலகியிருந்தவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் மிச்சமானது, அவர்கள் குடும்பத்தாருடனும் நண்பர்களுடனும் செலவிட்ட நேரம் கூடியது, மனநிறைவு சிறிதளவு உயர்ந்தது, கொள்கை சார்ந்த கருத்துகளில் எதிரெதிர் முனைகளுக்கு இழுபடுவதும் குறைந்தது. ஆனால் நாட்டு நடப்பைப் பற்றிய அவர்களுடைய அறிவும் கூடவே குறைந்தது.

கடைசியாகச் சொன்ன அந்த முடிவைப் பலரும் விட்டுவிட்டு மேற்கோள் காட்டுகிறார்கள், அது நேர்மையாகாது. விலகினால் அமைதியும் கிடைக்கும், அறியாமையும் வரும். இரண்டும் ஒரே கதவு வழியாகத்தான் உள்ளே வருகின்றன. எதிர்க்கரை அவர்களின் கெடு அந்த அறியாமைக்குள் விழுந்திருக்கக்கூடியது, உங்கள் மின்கம்பமோ செயலிகள் இருந்தபோதே தவறிப்போனது. எனவே செயலியை வைத்திருப்பதா நீக்குவதா என்பதைவிட, எந்த முடிவுகள் உங்களையும் உங்கள் அருகில் வாழ்பவர்களையும் நேராகத் தொடுகின்றன, அவை எங்கே அறிவிக்கப்படுகின்றன என்று ஒருமுறை உட்கார்ந்து எழுதிப் பார்ப்பதுதான் முதல் வேலை என்று எனக்குத் தோன்றுகிறது. நான் எழுதியபோது ஏழு இடங்கள் தேறின. அவற்றில் ஐந்தை அதற்கு முன் நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

அதிகாலை வாசகி:

எதிர்க்கரை ஐயா, உங்கள் மறுமொழியைப் பலமுறை வாசித்தேன். என் கேள்வியில் நான் "கைப்பேசி" என்று ஒரே சொல்லால் குறித்தவை உண்மையில் இரண்டு வெவ்வேறு பொருள்கள் என்பது உங்கள் அனுபவத்தைப் படித்த பிறகே விளங்கியது. உங்கள் நாற்பது பேரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள், ஒரே விதியால் பாதிக்கப்பட்டவர்கள். அங்கே எழுதப்பட்ட சொல் மனுவாக மாறியது. நான் நள்ளிரவு வரை வாதாடிய மனிதரின் பெயர்கூட எனக்குத் தெரியாது, அந்த வாதத்தில் யார் வென்றிருந்தாலும் எந்த அரசாங்கத்தின் எந்தக் கோப்பும் ஓர் அங்குலம்கூட நகர்ந்திருக்காது. உங்களுடைய அரசியலைப் போலி என்று நான் சொன்னதாகப் படித்திருந்தால் மன்னியுங்கள். என்னுடையதைத்தான் சொன்னேன்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த மூன்று வாரங்களில் செயலிகளை நீக்கினேனே தவிர, அவற்றுக்கு மாற்றாக எதையும் வைக்கவில்லை. மிச்சமான நேரத்தில் தூங்கினேன், பாட்டுக் கேட்டேன். உள்ளாட்சி மன்றத்தின் தீர்மானங்கள் எங்கே கிடைக்கும் என்று இதுவரை தேடிப் பார்க்கவில்லை. அந்த அளவில் அண்ணன் சொன்னது சரிதான்.

குடும்பக் குழுவில் மட்டும் இன்னும் இருக்கிறேன். அதைவிட்டு வெளியேறினால் உறவே முறியும். அங்கே என் சித்தப்பா நாளுக்கு ஆறேழு அரசியல் செய்திகளை அனுப்புகிறார், அவற்றில் பாதி பொய். திருத்துவதா, பேசாமல் இருப்பதா என்று தெரியவில்லை. இதையும் யாராவது சொல்ல முடியுமா?

பழைய ஆசிரியர்:

அம்மா, நானும் உங்கள் சித்தப்பாவின் வயதுக்காரன். அப்படிப்பட்ட செய்திகளை அனுப்பிக்கொண்டிருந்தவனும்கூட. அதனால் அந்தப் பக்கத்து மனநிலையைச் சொல்ல முடியும்.

ஓய்வு பெற்ற பின் ஒருவரைக் கலந்தாலோசிப்பவர்கள் வேகமாகக் குறைந்துவிடுகிறார்கள். வகுப்பறையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் பேசியவனிடம் திடீரென்று யாரும் எதுவும் கேட்பதில்லை. அப்போது ஒரு செய்தி வருகிறது, அதை அனுப்பினால் பத்துப் பேராவது பார்க்கிறார்கள். அது உண்மையா என்று பார்க்கத் தோன்றவே இல்லை; பலமுறை கேட்டது மெய்யாகத் தோன்றுவது மனித இயல்பு, உளவியலாளர்கள் இதை 1977-இலேயே சோதனை செய்து காட்டியிருக்கிறார்கள் என்று பிற்பாடு படித்தேன். எனக்கு வந்த ஒவ்வொரு பொய்யும் குறைந்தது மூன்று பேரிடமிருந்து வந்தது.

என் மருமகள் குழுவில் எல்லோர் முன்னிலையிலும் ஒருமுறை என்னைத் திருத்தினாள். அவள் சொன்னது முழுக்கச் சரி. நான் ஒரு மாதம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிடிவாதத்தால் இன்னும் இரண்டு மடங்கு அனுப்பினேன். என் பேரன் வேறு வழியில் வந்தான். ஒரு செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்ததைக் காட்டி, "தாத்தா, இதற்கு என்ன பொருள்?" என்று தனியே கேட்டான். எனக்குத் தெரியவில்லை. பலமுறை கைமாறி வந்த செய்தி என்பதற்கான அடையாளம் அது என்றும், அத்தகைய செய்தியை ஒரு தடவைக்கு ஓர் உரையாடலுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் 2020 ஏப்ரல் முதல் தடுத்திருக்கிறது என்றும் அவனே விளக்கினான். பிறகு, "இதை முதலில் எழுதியவர் யாராக இருக்கும்?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டான். அந்தக் கேள்வி என்னிடம் தங்கிவிட்டது. மாணவனின் விடைத்தாளில் பெயர் இல்லாவிட்டால் திருத்த மறுத்தவன் நான். பெயரே இல்லாத தாள்களை ஆண்டுக்கணக்கில் ஊரெல்லாம் பரப்பியிருக்கிறேன்.

உங்கள் சித்தப்பாவைக் குழுவில் திருத்தாதீர்கள். தொலைபேசியில் அழையுங்கள், முதல் அழைப்பிலேயே அரசியல் வேண்டாம். முடிந்தால் அந்த நடைபாதைச் செய்தியை அவரிடம் சொல்லி, ஆட்சேபக் கடிதம் எப்படி எழுதுவது என்று யோசனை கேளுங்கள். கேட்பதற்கு ஆள் கிடைத்தால் எங்களைப் போன்றவர்கள் மிகுந்த அக்கறையுடன் எழுதித் தருவோம்.

எதிர்க்கரை:

வாசகி அம்மா, மன்னிப்புக் கேட்க எதுவும் இல்லை. நீங்கள் பிரித்துக் காட்டிய அந்த இரண்டும் வேறுவேறுதான், நானும் அதை இப்போதுதான் தெளிவாகப் பார்க்கிறேன். என் கைப்பேசியிலும் இரண்டும் கலந்தே கிடக்கின்றன. அந்த நாற்பது பேர் குழுவைத் தவிர மற்றவற்றின் அறிவிப்பு ஒலியை இன்று நிறுத்திவிட்டேன்.

நடைபாதை விஷயத்தில் ஒன்று கேட்க வேண்டும். அவகாசம் முடிந்துவிட்டது என்று விட்டுவிட்டீர்களா? பல இடங்களில் கெடு கடந்த மனுவையும், பாதிக்கப்படுபவர் நேரில் கொடுத்தால் பதிவு செய்துகொள்கிறார்கள். ஏற்பார்களா என்பது வேறு, கோப்பில் ஏறும். ஊன்றுகோலுடன் நடக்கும் அந்த அம்மாவின் பெயரில் கொடுங்கள். நடைபாதை இப்போது எத்தனை அடி, குறுக்கிய பின் எத்தனை அடி என்று அளந்து எழுதுங்கள். சக்கர நாற்காலி ஒன்று போய்வர எவ்வளவு அகலம் தேவை என்பதை நான் எழுதித் தருகிறேன்.

அதிகாலை வாசகி:

விட்டுவிட்டேன் என்றுதான் இருந்தேன், ஐயா. இன்று மாலை வேலை முடிந்து வரும்போது அளவு நாடாவுடன் போய் அளந்தேன். பக்கத்து வீட்டு அம்மா மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். சித்தப்பாவை அழைத்திருக்கிறேன், மனுவின் முதல் வரைவை நாளைக்குள் அனுப்புவதாகச் சொன்னார். நீங்கள் சொன்ன அகல விவரத்தை அதில் சேர்க்க வேண்டும், இயன்றபோது எழுதுங்கள்.