கபடி வீரர்களுக்கு நார்டிக் ஹாம்ஸ்ட்ரிங் பயிற்சி: ஆய்வேட்டுத் திட்டத்தில் மூன்று சந்தேகங்கள்

மண்தரை (கேள்வி)

வணக்கம். எம்.பி.எட். ஆய்வேட்டுக்கான திட்டம் இது. கல்லூரி அணிகளில் ஆடும் ஆண் கபடி வீரர்கள் 45 பேர், வயது 18 முதல் 23. மூன்று குழு, குழுவுக்கு 15 பேர்: நார்டிக் பயிற்சி (கணுக்காலை ஒருவர் பிடித்துக்கொள்ள, முழங்காலிட்டபடி உடலை மெல்ல முன்னால் சாய்ப்பது), பிளையோமெட்ரிக் (தாவிக் குதிக்கும் பயிற்சி), கட்டுப்பாட்டுக் குழு. மொத்தம் 12 வாரம், வாரம் 3 நாள். தலைப்பில் "தொடைப் பின்தசைக் காயத்தைக் குறைப்பதில்" என்று போட்டிருக்கிறேன். 30 மீட்டர் ஓட்டம், நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டுதல், உட்கார்ந்து எட்டித் தொடுதல், ஷட்டில் ஓட்டம் என்று மொத்தம் 8 மாறிகளை அளப்பதாக உத்தேசம்.

கேட்க வேண்டியவை மூன்று. குழுவுக்கு 15 பேர் போதுமா? தசை வலிமையை அளக்கும் ஐசோகைனடிக் கருவியோ நார்ட்போர்டோ கல்லூரியில் இல்லை. ஸ்டாப்வாட்ச், டேப், செல்போன்தான் இருக்கிறது. பின்தசை வலிமையை எப்படி அளப்பது? மூன்றாவது, முதல் நாள் நார்டிக் செய்துவிட்டு மறுநாள் தொடைவலியில் பாதிப் பேர் வராமல் போய்விடுகிறார்கள் என்கிறார்கள். அதைத் தவிர்க்க எந்த அளவில் தொடங்க வேண்டும்?

அளவுகோல்

தலைப்பிலிருந்தே தொடங்குவோம் தம்பி. "காயத்தைக் குறைப்பதில்" என்பதை எடுத்துவிடுங்கள். 45 பேரை வைத்து அதை நிறுவ முடியாது. டென்மார்க்கில் பீட்டர்சனும் குழுவினரும் செய்து 2011இல் வெளியிட்ட ஆய்வில் 50 கால்பந்து அணிகள், 942 வீரர்கள். நார்டிக் செய்த 461 பேரிடையே 15 காயம், செய்யாத 481 பேரிடையே 52 காயம். பயிற்சி செய்யாதவர்களிலேயே நூற்றுக்கு 11தான். கபடியிலும் அதே விகிதம் என்று வைத்துக்கொண்டால், உங்கள் கட்டுப்பாட்டுக் குழுவின் 15 பேரில் ஒரு முழு சீசனுக்கு ஒன்றோ இரண்டோ வரும். 12 வாரத்தில் ஒன்றுமே வராமல் போகலாம். பூஜ்யத்தையும் ஒன்றையும் ஒப்பிட்டு எதுவும் சொல்ல முடியாது. "பின்தசையின் எக்சென்ட்ரிக் வலிமையில் ஏற்படும் மாற்றம்" என்று தலைப்பை வையுங்கள் (எக்சென்ட்ரிக் என்றால் தசை நீளும்போதே சுமையைத் தாங்கும் வலிமை). இந்தக் கால அளவில் மாறக்கூடியது அதுதான், உங்களால் அளக்கக்கூடியதும் அதுதான்.

அடுத்து, பிளையோமெட்ரிக் குழுவை விட்டுவிடுங்கள். இரண்டு குழுக்களுக்கிடையே திட்ட விலக்கத்தில் (மதிப்புகள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) 0.8 மடங்கு வேறுபாடு இருந்து, அதை 80 சதவீத வாய்ப்போடு கண்டுபிடிக்க வேண்டுமானால், பின்தேர்வை மட்டும் ஒப்பிடும்போது குழுவுக்கு 26 பேர் வேண்டும். முன்தேர்வை இணைமாறியாக வைத்து அன்கோவா (தொடக்க வேறுபாட்டைக் கழித்துவிட்டுக் குழுக்களை ஒப்பிடும் சோதனை) செய்தால், இரண்டு தேர்வுகளுக்கும் ஒட்டுறவு 0.7 இருக்கும் பட்சத்தில், 14 பேர் போதும். 0.8 என்பது பெரிய வேறுபாடு. 0.5 தான் கிடைக்கும் என்றால் அன்கோவாவிலேயே 33 பேர் தேவை. 15 பேரில் இரண்டு பேர் விலகினாலே நீங்கள் எல்லைக்குக் கீழே போய்விடுவீர்கள். இரண்டு குழு, 22, 23 பேர் என்று வைத்தால் மூச்சுவிட இடம் இருக்கும்.

8 மாறி வேண்டாம். ஒன்றோடொன்று தொடர்பில்லாத 8 மாறிகளை ஒவ்வொன்றாக 0.05 மட்டத்தில் (தற்செயலாகவே பலன் தெரிய 5 சதவீத வாய்ப்பு) சோதித்தால், பயிற்சிக்கு எந்தப் பலனும் இல்லாதபோதும் ஏதாவது ஒன்று "குறிப்பிடத்தக்கது" என்று வர 34 சதவீத வாய்ப்பு உண்டு. முதன்மை மாறி ஒன்று, துணை மாறி இரண்டு. பயிற்சி தொடங்கும் முன்பே எது முதன்மை என்று எழுதி நெறியாளரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

குழு பிரிக்கும் விதத்தில்தான் பல ஆய்வேடுகள் கெட்டுப்போகின்றன. விடுதிவாசிகள் ஒரு குழு, வீட்டிலிருந்து வருபவர்கள் ஒரு குழு என்று பிரித்துவிட்டு "சமவாய்ப்பு முறை" என்று எழுதக் கூடாது. முன்தேர்வை முழுவதும் முடியுங்கள். ரெய்டர்களுக்கு ஒரு பட்டியல், டிஃபெண்டர்களுக்கு ஒரு பட்டியல் போட்டு, ஒவ்வொன்றிலும் தனித்தனியே சீட்டுக் குலுக்குங்கள். குலுக்குபவர் வீரர்களைத் தெரியாத ஆளாக இருக்கட்டும். பின்தேர்வை அளப்பவருக்கு யார் எந்தக் குழு என்று தெரியக் கூடாது. கட்டுப்பாட்டுக் குழுவைச் சும்மா உட்கார வைக்காதீர்கள். நார்டிக் நடக்கும் அதே 10, 15 நிமிடம் அவர்களுக்குத் தண்டாலும் பிளாங்கும் கொடுங்கள். இல்லையென்றால் கூடுதல் பயிற்சி நேரத்தின் பலனை நார்டிக்கின் பலன் என்று எழுதிவிடுவீர்கள்.

பிசியோ_களம்

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். மறுநாள் வராமல் போவதற்குக் காரணம் நார்டிக் அல்ல, முதல் நாளே 3 செட் 10 கொடுப்பதுதான். நார்வேயில் மியோல்ஸ்னஸ் குழு 2004இல் வெளியிட்ட அட்டவணையைத்தான் டென்மார்க் ஆய்வும் பின்பற்றியது. அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

வாரம் 1: ஒரு நாள் மட்டும், 2 செட், 5 முறை
வாரம் 2: இரண்டு நாள், 2 செட், 6 முறை
வாரம் 3: மூன்று நாள், 3 செட், 6 முதல் 8
வாரம் 4: மூன்று நாள், 3 செட், 8 முதல் 10
வாரம் 5 முதல் 10 வரை: மூன்று நாள், 12, 10, 8 என்று 3 செட்

கூட்டினால் 27 நாள், ஆளுக்குச் சுமார் 700 முறை. இந்த 700இல் ஒவ்வொருவரும் எத்தனை செய்தார் என்று நோட்டில் குறித்துவையுங்கள். வருகைப்பதிவு மட்டும் போதாது. வந்துவிட்டு நாலு முறையோடு நிறுத்துபவர்கள் இருப்பார்கள்.

செய்முறை. முழங்காலுக்கு அடியில் கபடி மேட்டையே இரண்டாக மடித்துப் போடுங்கள். மண்ணிலோ சிமென்ட்டிலோ முழங்காலிட்டால் முட்டிச்சில்லு வலிக்கும், அந்த வலிக்காகவே ஆள் முன்கூட்டி விழுந்துவிடுவார். பிடிப்பவர் குதிகாலுக்குச் சற்று மேலே இரண்டு கையாலும் அழுத்த வேண்டும், கெண்டைக்காலில் அல்ல. 80 கிலோ கார்னர் வீரரை 55 கிலோ ரெய்டர் பிடித்தால் பிடிப்பவரே மேலே எழும்பிவிடுவார். எடைக்கேற்ற ஜோடியாகப் போடுங்கள், அல்லது கனமான பெஞ்சில் பெல்ட் கட்டுங்கள். பாதத்தை முன்னங்கால் பக்கம் மடக்கி வைப்பதா நீட்டி வைப்பதா என்று முதல் நாளே முடிவு செய்து எல்லாருக்கும் ஒன்றாக வையுங்கள். கெண்டைத்தசையின் உதவி இரண்டிலும் ஒன்றுபோல் இருக்காது.

தோள், இடுப்பு, முழங்கால் மூன்றும் ஒரே கோட்டில் இருக்க, முன்னால் மெல்லச் சாய வேண்டும். பத்தில் எட்டுப் பேர் இடுப்பை மடக்குவார்கள். அப்படி மடக்கினால் சுமை குறைந்துவிடும், எண்ணிக்கை மட்டும் ஏறும். பக்கவாட்டில் நின்று பார்த்தால்தான் இது தெரியும், முன்னால் நின்றால் தெரியாது. தாங்க முடியாத இடத்தில் கையை ஊன்றி விழுந்து, கையாலேயே தள்ளி எழ வேண்டும். பின்தசையால் இழுத்து எழச் சொல்லாதீர்கள். தொடக்க வாரங்களில் அதனால் தசைப்பிடிப்பு வரலாம்.

வலியைப் பிரித்துப் பாருங்கள். மறுநாளும் அதற்கடுத்த நாளும் இரண்டு தொடையிலும் சமமாக, தொட்டால் வலிக்கிற மாதிரி இருந்தால் அது பயிற்சி வலி. செய்யும்போதே ஒரே காலில், விரல் வைத்துக் காட்டக்கூடிய இடத்தில் சுரீரென்று பிடித்தால் அன்றே நிறுத்திவிட்டு பிசியோவிடம் அனுப்புங்கள். போட்டிக்கு முந்தின இரண்டு நாளில் நார்டிக் வேண்டாம்.

ஏற்கெனவே பின்தசைக் காயம் பட்டவர்களை மொத்தமாக விலக்கிவிடாதீர்கள். டென்மார்க் ஆய்வில் அதிகம் பலன் பெற்றது அவர்கள்தான்: மறுகாயம் நூறு வீரர்-சீசனுக்கு 45.8இலிருந்து 7.1 ஆனது. இப்போது வலி இருப்பவரை மட்டும் விலக்குங்கள். பழைய காயம் எந்தக் கால், எத்தனை மாதத்துக்கு முன் என்று படிவத்தில் கேட்டு, இரண்டு குழுவிலும் அவர்கள் சமமாக வரும்படி குலுக்கலாம்.

மண்தரை

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. இரண்டு குழுவாக மாற்றிவிடுகிறேன், சார். 10 வார அட்டவணையையே எடுத்துக்கொள்கிறேன், மிச்சம் இரண்டு வாரத்தில் தேர்வுகள். ஆனால் வலிமையை எதை வைத்து அளப்பது என்பது இன்னும் புரியவில்லை. 30 மீட்டர் ஓட்டத்தை ஸ்டாப்வாட்ச்சில் எடுக்கலாமா?

அளவுகோல்

செல்போனே போதும். நார்டிக் செய்யும்போது எந்தக் கோணம்வரை உடலைத் தாங்குகிறார் என்பதைப் பக்கவாட்டு வீடியோவில் அளப்பது புழக்கத்தில் உள்ள முறை. இடுப்பின் பக்கத்தில் தட்டுப்படும் தொடையெலும்பின் மேல்முண்டு, முழங்காலின் வெளிமுண்டு இரண்டிலும் கறுப்பு ஒட்டுநாடா வையுங்கள். போன் 3 மீட்டர் தள்ளி, இடுப்பு உயரத்தில், ஸ்டாண்டில், சாயும் தளத்துக்கு நேர் செங்குத்தாக. கையில் பிடித்து எடுக்காதீர்கள். மெட்ரோனோம் (சீராகத் தட்டி ஒலிக்கும் தாளக் கருவி) வைத்து 90 பாகையை 3 விநாடியில் இறங்கச் சொல்லுங்கள். கினோவியா என்ற இலவச மென்பொருளில் ஒவ்வொரு பிரேமாக நகர்த்தினால், சீராக இறங்கிய தொடை சட்டென்று வேகமெடுக்கும் இடம் தெரியும். அந்தப் பிரேமில் செங்குத்துக் கோட்டிலிருந்து தொடையின் கோணம்தான் உங்கள் அளவு. மூன்று முறை எடுத்துச் சராசரி. இடுப்பை மடக்கிய முயற்சியை ஒதுக்கிவிடுங்கள். ஒன்று ஞாபகம் இருக்கட்டும்: அளக்கும் அசைவும் பயிற்சி கொடுக்கும் அசைவும் ஒன்றே. பழக்கத்தாலும் கோணம் கூடும். ஆகவே கட்டுப்பாட்டுக் குழு உட்பட எல்லாருக்கும் முன்தேர்வுக்கு முன் இரண்டு நாள் பழக்கப்படுத்துங்கள். துணை மாறியாக ஒற்றைக்கால் பின்தசைப் பாலம் வைக்கலாம்: மல்லாந்து படுத்து, 60 செ.மீ. பெட்டியில் ஒரு குதிகால், இடுப்பை எத்தனை முறை முழுதாக உயர்த்துகிறார் என்ற எண்ணிக்கை. இதை யாருக்கும் பயிற்சியில் கொடுக்காதீர்கள்.

பயிற்சி தொடங்குமுன் செய்யவேண்டிய ஒரு வேலையைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. 10 பேரை இரண்டு நாள் இடைவெளியில் இரண்டு முறை அளந்து, இரண்டுக்குமான வித்தியாசங்களின் திட்ட விலக்கத்தை 1.41ஆல் வகுங்கள். உதாரணத்துக்கு 4.2 பாகை வந்தால், உங்கள் அளவீட்டுப் பிழை 3 பாகை. அப்போது ஒரு தனிவீரர் 8 பாகைக்கு மேல் முன்னேறினால்தான் அதை உண்மையான மாற்றம் என்று நம்பலாம். இந்த எண் கையில் இல்லாமல் "4 பாகை முன்னேற்றம்" என்று எழுதினால் அதற்கு அர்த்தமில்லை.

ஸ்டாப்வாட்ச் வேண்டாம். பத்து வாரத்தில் 30 மீட்டரில் கிடைக்கும் முன்னேற்றம் சில நூற்றில் ஒரு பங்கு விநாடி. கட்டைவிரலின் தாமதமே அதை விழுங்கிவிடும். போனில் விநாடிக்கு 240 பிரேம் வசதி இருந்தால் ஒரு பிரேம் 4 மில்லி விநாடி. சாதாரண 30 பிரேமில் 33. 240 இல்லையென்றால் ஓட்டத்தையே விட்டுவிடுங்கள்.

ஆய்வுமுறை_ஆசிரியை

புள்ளியியல் பற்றி இரண்டு வார்த்தை. பயிற்சிக் குழுவுக்கு முன்தேர்வையும் பின்தேர்வையும் ஒப்பிடும் ஒரு டி-சோதனை, கட்டுப்பாட்டுக் குழுவுக்கு ஒரு டி-சோதனை போட்டு, "இதில் குறிப்பிடத்தக்க மாற்றம், அதில் இல்லை, எனவே பயிற்சி பலனளித்தது" என்று முடிக்கும் வழக்கம் நம் ஆய்வேடுகளில் வேரூன்றிப் போயிருக்கிறது. அது தவறு. ஒன்றில் பி மதிப்பு 0.04, மற்றதில் 0.07 என்றால் இரண்டு குழுவும் வேறுபடுகின்றன என்று ஆகாது. அன்கோவாவில் வரும் திருத்திய சராசரிகளின் வித்தியாசத்தையும் அதன் 95 சதவீத நம்பிக்கை இடைவெளியையும் பாகையிலேயே கொடுங்கள். அதற்கு முன், முன்தேர்வையும் பின்தேர்வையும் இணைக்கும் கோட்டின் சாய்வு இரண்டு குழுவிலும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டே குழு என்பதால், மூன்றோ அதற்கு மேலோ உள்ள குழுக்களை இரண்டிரண்டாக ஒப்பிடும் ஷெஃபே சோதனைக்கு வேலையே இல்லை. பழைய ஆய்வேட்டைப் பார்த்து அந்த அட்டவணையைச் சேர்த்துவிடாதீர்கள். விலகியவர்களை மறைக்காமல், எந்த வாரம், என்ன காரணம் என்று எழுதுங்கள்.

அனுமதி விஷயம் அவசரம். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கடிதம் முன்தேர்வுக்கு முந்தைய தேதியில் இருக்க வேண்டும். சமவாய்ப்பு முறையில் பிரிப்பதால் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டிலும் பதிந்துவிடுங்கள், கட்டணம் இல்லை. 2018 ஏப்ரல் முதல் அங்கே முன்கூட்டிய பதிவு மட்டும்தான். முதல் வீரரைச் சேர்த்த பிறகு போனால் ஏற்க மாட்டார்கள். பதிவெண் இல்லாவிட்டால் நல்ல இதழ்கள் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிடும்.

பிசியோ_களம்

ஒன்று விட்டுப்போனது. பின்தேர்வைக் கடைசிப் பயிற்சி நாளிலிருந்து 4 முதல் 6 நாளுக்குள் முடியுங்கள். மூன்று நாளுக்குள் எடுத்தால் தசைவலியில் அளவு குறையும். தள்ளிப்போடவும் கூடாது, நார்டிக்கை நிறுத்திய இரண்டே வாரத்தில் தசைநார்க்கற்றையின் நீளத்தில் கிடைத்த ஆதாயம் கரைந்துவிடுவதாக 2018இல் வந்த ஆய்வு காட்டியது. செமஸ்டர் தேர்வும் பல்கலைக்கழகப் போட்டியும் எந்த வாரம் என்று பார்த்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணித் தொடக்கத் தேதியைக் குறியுங்கள்.