அலுவலக வேலையை விட்டுவிட்டு அப்பாவின் தேன்பெட்டிகளை எடுத்துக்கொள்ளலாமா?

மேல்புறத்துப் பெண்:

வயது 39. சென்னையில் ஒரு பன்னாட்டு நிறுவனத்தில், அமெரிக்க மருத்துவக் காப்பீட்டுக் கோரிக்கைகளைச் சரிபார்க்கும் பிரிவில் துணை மேலாளராக இருக்கிறேன். பெரிய குறை ஒன்றும் சொல்வதற்கில்லை. மேலதிகாரி நல்லவர், சம்பளம் மாதக் கடைசியிலேயே வந்துவிடும். ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் நான் தயாரிக்கும் அறிக்கை ஒன்று இருக்கிறது. எத்தனை கோரிக்கை, எத்தனை பிழை, எந்தக் குழு பச்சை, எந்தக் குழு சிவப்பு. அந்தக் கோப்பை யார் யார் திறந்தார்கள் என்று அதிலேயே பார்க்கலாம். பல மாதங்களாக என் பெயர் மட்டும்தான் இருக்கிறது. நிறுத்திவிடட்டுமா என்று கேட்டால், "ஐயோ, வேண்டாம், தணிக்கையில் கேட்பார்கள்" என்கிறார்கள்.

ஊரில், கன்னியாகுமரி மாவட்டத்து மேல்புறத்தில், அப்பாவிடம் முப்பது தேன்பெட்டிகள் இருக்கின்றன. மூட்டுவலி. ரப்பர் தோட்டத்துச் சரிவில் ஏற முடியவில்லை, விற்றுவிடப் போகிறேன் என்கிறார். வேலையை விட்டுவிட்டு அவற்றை நானே எடுத்து, நூறு பெட்டியாக்கி, நேரடியாகப் போத்தலில் அடைத்து விற்றால் என்ன? மார்த்தாண்டம் தேனுக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. கணவருக்குச் சென்னையில் வேலை. வீட்டுக் கடன் மாதம் 31,000. மகள் ஏழாம் வகுப்பு. வாழ்க்கையின் அர்த்தம் அது இது என்று பேச எனக்கு வராது. செய்கிற வேலை யார் கைக்காவது போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

தாம்பரம் கணக்கர்:

பணத்தை மட்டும் சொல்கிறேன். ஐந்து வருடம் தாண்டியிருந்தால் பணிக்கொடை உண்டு: கடைசி அடிப்படைச் சம்பளத்தை (அகவிலைப்படி இருந்தால் அதையும் சேர்த்து) 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, அதைப் பணியாற்றிய வருடங்களால் பெருக்குங்கள். அதை வீட்டுக் கடனில் கட்டி அசலைக் குறையுங்கள், தேன்பெட்டியில் போடாதீர்கள். வருங்கால வைப்பு நிதியைத் தொடவே வேண்டாம்.

பலர் கோட்டைவிடுவது மருத்துவக் காப்பீட்டில். நிறுவனம் கொடுத்தது நீங்கள் விலகியதும் போய்விடும். அப்பாவையும் அதில் சேர்த்திருந்தால் அவருக்கும் போய்விடும். புதிதாக எடுத்தால் ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்கச் சொல்லலாம். எனவே ராஜினாமாக் கடிதத்துக்கு முன்பே, அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற வழி இருக்கிறதா என்று கேளுங்கள். கடன் ஏதாவது வாங்குவதாக இருந்தாலும் சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள்.

---

பத்துகாணிக்காரன்:

மக்களே, மேல்புறம் பக்கம் பெட்டி வைத்திருப்பவர் என்றால் உங்கள் அப்பாவை எனக்குத் தெரியாமல் இருக்காது. பெயர் கேட்கவில்லை, கேட்டால் இன்று மாலையே அவர் காதுக்குப் போய்விடும்.

தை மாதம் ரப்பர் இலை உதிர்ந்து துளிர்க்கும். மூன்று இலையும் காம்பில் சேருகிற இடத்தில் சின்னச் சுரப்பி இருக்கிறது. தளிர் செம்பு நிறம் மாறிப் பச்சையாகும் நாட்களில் காலையில் போய்ப் பாருங்கள், அதில் சொட்டு நிற்கும். நம் ஊர்த் தேனில் பெரும்பகுதி பூவிலிருந்து வருவதில்லை, இந்த இலையிலிருந்து வருவது. வாங்குகிறவரிடம் சொன்னால் முகம் சுருங்கிவிடும். அவருக்குப் போத்தலில் பூப்படம் வேண்டும். இந்த வரவு தையிலிருந்து பங்குனி வரை, மிஞ்சினால் சித்திரை.

அப்புறம் இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, பிடித்தால் தேனீக்கு உணவுப் பஞ்சம். சர்க்கரைப் பாகு காய்ச்சி, சிரட்டையில் ஊற்றி, ஈ முங்கிச் சாகாமல் இருக்க மேலே இரண்டு காய்ந்த குச்சி போட்டுப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். பெட்டிக்கு வாரம் இருநூறு கிராம் சர்க்கரை என்றால், நீங்கள் சொல்லும் நூறு பெட்டிக்கு வாரம் இருபது கிலோ. மழையில், அட்டை கடிக்க, சரிவில் தூக்கிக்கொண்டு போக வேண்டும். ஒரு வாரம் தவறினால் கூட்டம் பெட்டியை விட்டு ஓடிவிடும். பாகு குறைந்து கூட்டம் மெலிந்தால் அடையில் மெழுகுப் பூச்சி ஏறும். பெட்டியை இடம் மாற்றுவது என்றால் ஈ எல்லாம் அடங்கிய பிறகு, இரவில்தான்.

நோய் வந்தால் எல்லாம் போச்சு. 1991-92இல் தேனீப் புழுக்களைக் கொல்லும் தாய் சாக்புரூட் வைரஸ் வந்தபோது என் அப்பா பெட்டியைத் திறந்து காட்டியது நினைவிருக்கிறது: அறைக்குள் புழுக்கள் நீர் கோத்த பை மாதிரி, தலை நிமிர்ந்து செத்துக் கிடந்தன. தென்னிந்தியா முழுக்க நாட்டுத் தேனீ பெரும்பாலும் அப்படியே அழிந்தது. 1920களில் ஒய்.எம்.சி.ஏ.வின் ஸ்பென்சர் ஹாட்ச் மார்த்தாண்டத்தில் மையம் வைத்துச் சொல்லிக்கொடுத்த காலம் தொட்டு வந்த தொழில், வீட்டுக்கு வீடு காலிப்பெட்டியாக நின்றது. தப்பிய கூட்டங்களிலிருந்துதான் இன்று இருப்பது.

வருமானம் கேட்பீர்கள். எனக்கு நல்ல வருடத்தில் பெட்டிக்குப் பத்து கிலோ. நூறு பெட்டிக்கு ஒரு டன். மொத்த வியாபாரிக்குக் கொடுத்தால் ஊரில் சிக்கனமாகக் குடும்பம் நடத்தலாம். சென்னை வீட்டுக் கடன் கட்ட முடியாது. நேரடியாக விற்றால் விலை நன்றாகவே ஏறும், ஆனால் அது இன்னொரு முழு வேலை. உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். புவிசார் குறியீட்டைப் போத்தலில் போட அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிய வேண்டும். ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. தேனீ இன்னும் மெழுகால் மூடாத தேனை அவசரப்பட்டு எடுத்தால் ஈரப்பதம் அதற்கு மேலே போய்விடும், தேன் புளிக்கும். தேன் உறைந்தால் சர்க்கரை கலந்துவிட்டாய் என்று தொலைபேசியில் வருவார்கள். உங்கள் வெள்ளிக்கிழமை அறிக்கையை யாரும் திறப்பதில்லை என்கிறீர்கள். இங்கே திறந்துவிட்டுத்தான் சண்டைக்கே வருவார்கள்.

வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் விடவில்லையே. ஆனால் தையில் வந்து தேன் எடுப்பதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். அப்போது யாருக்கும் ஆசை வரும். ஆடியில் விடுப்பு எடுத்து வந்து, அப்பா சொல்லச் சொல்ல நீங்களே பாகு வையுங்கள்.

---

வேளச்சேரி வாசகி:

எனக்கு வேறு தோன்றுகிறது. அந்தக் கோரிக்கைப் பட்டியலில் ஒவ்வொரு வரியும் எங்கோ ஒரு நோயாளி. ஒரு பிழையைத் திருத்தினால் அவருக்கு வர வேண்டிய பணம் வருகிறது. வீணாக இருப்பது உங்கள் அறிக்கைதான், அந்த வேலையே அல்ல. துணை மேலாளர் ஆன பிறகுதான் இந்தச் சலிப்பு வந்ததென்றால், மறுபடி கோரிக்கைகளை நேரடியாகப் பார்க்கும் இடத்துக்கு மாற்றம் கேட்டுப் பார்க்கலாம். பதவி இறங்குகிறது என்று நாலு பேர் பேசுவார்கள், பேசட்டும். மண்ணில், மரத்தில் செய்தால்தான் உண்மையான வேலை என்கிற பேச்சு எனக்கு ஒத்துவருவதில்லை.

---

மேல்புறத்துப் பெண்:

எல்லோருக்கும் நன்றி. வேளச்சேரி வாசகி சொன்னது உறுத்துகிறது. பதவி உயர்வுக்கு முன்னால் நான் இவ்வளவு சலித்துக்கொண்டதில்லை என்பது உண்மை. அதையும் கேட்டுப் பார்க்கிறேன். காப்பீட்டில் அப்பாவும் இருக்கிறார், இதை யோசிக்கவே இல்லை.

பத்துகாணி அண்ணாச்சி, ஆடிக்கு அனந்தபுரி ரயிலில் டிக்கெட் போட்டுவிடுகிறேன். அதுவரை அப்பா விற்காமல் இருக்க வேண்டும். சம்பளத்துக்கு ஆள் வைத்தால் எவ்வளவு ஆகும்?

---

பத்துகாணிக்காரன்:

மாதச் சம்பளத்துக்கு ஈ பார்க்கத் தெரிந்த ஆள் கிடைக்கமாட்டார். தெரிந்தவர் சொந்தமாக வைத்திருப்பார். பங்குக்குக் கொடுங்கள். பெட்டியும் சர்க்கரையும் உங்களுடையது, உழைப்பு அவருடையது, தேன் பாதிப் பாதி. கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு பெட்டியிலும் பெயிண்டால் எண் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு கூட்டத்தை இரண்டாகப் பிரிக்கும்போது, பிரித்தது யாருக்கு என்பதையும் இப்போதே தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். சண்டை தேனில் வராது, அதில்தான் வரும். ஐம்பது தாண்டியவராகப் பார்க்காதீர்கள், அப்பாவால் ஏற முடியாத சரிவு அவருக்கும் இரண்டு வருடத்தில் முடியாமல் போகும்.