ஸ்டார்ட்டில் நீலப்புகை, பிறகு தெளிவு: 1984 புல்லட் வாங்கலாமா?

வெண்ணாற்றங்கரை:
மன்னார்குடி பக்கம் ஒரு 1984 புல்லட் ஸ்டாண்டர்டு 350 விலைக்கு வந்திருக்கிறது. மழைக்காலம் பூரா கொட்டகையில் நின்ற வண்டி. ஸ்டார்ட் ஆனதும் நீலப்புகை மண்டுகிறது, பத்து நிமிஷத்தில் தெளிகிறது. பிரீதர் குழாயில் (என்ஜின் உள்காற்று வெளியேறும் குழாய்) ஆயில் வழிகிறது. ஆனால் ஆயில் மூடியைத் திறந்தால் அளவு ரொம்பக் குறைவு. பார்த்த மெக்கானிக் "போர், பிஸ்டன் வேலை", அதாவது சிலிண்டரைக் கடைந்து பிஸ்டன் மாற்றணும் என்கிறார். அப்படித்தானா? அதே உருவத்தில் புது வண்டி கிடைக்கும்போது பழசுக்கு ஏன் இத்தனை கிராக்கி?

குடந்தை350:
தம்பி, சிலிண்டர் ஹெட்டைக் கழற்ற விடாதீங்க. பிஸ்டன் ரிங் தேய்ந்த வண்டி பத்து நிமிஷத்தில் திருந்தாது. சூடான பிறகும் ஆள் ஏற்றிக்கொண்டு பாலம் ஏறும்போது புகைந்துகொண்டேதான் இருக்கும். வால்வு கைடு (வால்வு ஏறி இறங்கும் குழல்) தேய்ந்தது என்றால் ஆக்ஸிலேட்டரை விட்டு மறுபடி முறுக்கும்போது குப்பென்று ஒரு புகை. நீங்க சொல்வது வெட் சம்ப்பிங், அதாவது நின்ற வண்டியில் ஆயில் என்ஜின் அடியில் போய்த் தேங்குவது.

இந்த என்ஜினில் ஆயில் டேங்க் கிராங்க் கேஸுக்குள்ளேயே தனி அறையாக இருக்கு. வண்டி வாரக்கணக்கில் நின்றால், என்ஜின் பக்கவாட்டு மூடியான டைமிங் கவரில் இருக்கும் ஃபீட் பம்ப் (ஆயிலை என்ஜினுக்கு அனுப்பும் பம்ப்) வழியா ஆயில் கசிந்து கிராங்க் பக்கம் இறங்கிடும். டேங்கில் குறைவாகத் தெரிவது அதனால்தான். அதைப் பார்த்து மேலே ஊற்றினால் அளவு மீறி, பிரீதர் வழியாகத்தான் வெளியே வரும். பாதி பேர் செய்வது இதைத்தான்.

கிக் அடிக்கும் முன் அடியில் சம்ப் பிளக்கைக் கழற்றி ஒரு அளவுக் குவளையில் பிடிங்க. மொத்தக் கொள்ளளவே ஏறக்குறைய இரண்டேகால் லிட்டர். அரை லிட்டருக்கு மேல் கொட்டினால் சந்தேகமே வேண்டாம். வந்த ஆயில் மோர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கு; டேங்க் பிளக்கையும் திறந்து முழுக்க வடித்து, ஃபில்டர் மாற்றி, புது 20டபிள்யூ50 ஊற்றி, கொஞ்சம் ஓட்டி அதையும் ஒருமுறை மாற்றணும். அளவை எப்போதும் ஓடி நிறுத்திய பிறகே பார்க்கணும்.

கசிவைக் குறைக்க ஃபீட் பம்ப் மூடியைத் திறந்து, டிஸ்க்கை அதன் இருக்கையில் மெல்லிய கிரைண்டிங் பேஸ்ட் வைத்துத் தேய்க்கலாம். பேஸ்ட் துளிகூட மிச்சமில்லாமல் கழுவணும், தங்கினால் பிக் எண்ட் (கனெக்டிங் ராடின் கீழ்முனை பேரிங்) காலி. மாட்டியதும் ஹெட்டுக்குப் போகும் ராக்கர் ஆயில் குழாய் போல்ட்டைச் சற்றுத் தளர்த்தி, ஆயில் வருகிறதா என்று பார்த்துவிட்டு இறுக்குங்க. முழுசா நிற்காது, மாதம் நின்றால் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும்.

டீசல்புல்லட்:
அண்ணன் சொன்னதோடு ஒன்று. கம்ப்ரஷனை உறுதி செய்ய, இக்னிஷனை ஆஃப் செய்து கிக்கரில் ஏறி நில்லுங்கள். சில விநாடி தாங்கி மெதுவாக இறங்கினால் ரிங் நல்ல நிலை. சட்டென்று இறங்கினாலும் உடனே போர் என்று முடிவு கட்ட வேண்டாம். டீகம்ப்ரஷர் வால்வு (லீவரைப் பிடித்தால் சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடுவது) சரியாக உட்காராமல் சைலன்சர் பக்கம் புஸ்ஸென்று கசிந்தாலும் இதே கதைதான்.

கிராக்கி பற்றி. ராயல் என்ஃபீல்டின் முதல் மோட்டார் சைக்கிள் 1901-ல் இங்கிலாந்தின் ரெட்டிச்சில் வந்தது, புல்லட் என்ற பெயர் 1932-ல். இந்திய ராணுவத்தின் தேவைக்காக இங்கே வந்த வண்டியை, 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டு சேர்ந்து திருவொற்றியூரில் செய்யத் தொடங்கியது. 1970-ல் இங்கிலாந்துக் கம்பெனி மூடியது, திருவொற்றியூர் நிற்கவில்லை. 1977-ல் இங்கிருந்தே இங்கிலாந்துக்கு ஏற்றுமதி! அடிப்படை டிசைன் 2010 வாக்கு வரை ஓடியது. அதனால் உதிரிபாகத்துக்குப் பஞ்சமில்லை.

பழைய புல்லட்டில் 70 மி.மீ. போர் (சிலிண்டர் அகலம்), 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 346 சிசி, கனத்த ஃப்ளைவீல். சக்தி 18 குதிரைதான், ஆனால் டாப் கியரில் 40-ல் ஆற்றங்கரை ரோட்டில் உருட்டிக்கொண்டே போகலாம், கியர் மாற்றச் சொல்லி அலறாது. இப்போது வரும் புல்லட் 72க்கு 85.8, 349 சிசி, முற்றிலும் வேறு என்ஜின். ஓட்ட அதுதான் சுகம் என்பேன். பழசில் டேப்பெட் (வால்வு இடைவெளி), பாயிண்ட் (திறந்து மூடி தீப்பொறி தரும் முனை), டைமிங் (பொறி விழும் நேரம்) எல்லாமே உங்கள் கையில். அது பிடித்தவர்கள்தான் தேடுகிறார்கள்.

வெண்ணாற்றங்கரை:
நன்றி அண்ணே. கிக் அடித்தால் திருப்பி உதைக்கிறது. அது ஏன்?

குடந்தை350:
பிஸ்டன் மேலே ஏறி முடிக்கும் முன் கரண்டு விழுகிறது. சாவி போட்டு, ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்துங்க. அங்கே டீகம்ப்ரஷரைப் பிடித்து, முள் மறுபடி மைனஸ் பக்கம் போகும்வரை நகர்த்தி, லீவரை விடுங்க. கிக்கர் மேலே வந்ததும் ஒரே முழு உதை, ஆக்ஸிலேட்டர் தொடாமல். அப்பவும் உதைத்தால் டைமிங் முன்னே இருக்கு. முதலில் பாயிண்ட் கேப் 0.35–0.40 மி.மீ. வைத்துவிட்டு, பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. முன்னே பாயிண்ட் திறக்கிற மாதிரி வையுங்க. டேப்பெட்டுக்கு ஃபீலர் கேஜ் வேண்டாம்: என்ஜின் ஆறியபின், இரண்டு வால்வும் மூடிய நிலையில் புஷ்ராடு (வால்வைத் தள்ளும் கம்பி) விரலால் சுழலணும், மேலும் கீழும் ஆட்டம் இருக்கக்கூடாது.

டீசல்புல்லட்:
ஓட்டிப் பார்க்கும்போது கவனம்: கியர் வலது கால், பிரேக் இடது கால். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. அவசரத்தில் பிரேக் என்று நினைத்து கியரை மிதித்தால் வண்டி நிற்காது. முன்பணம் கொடுக்கும் முன் என்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் இரண்டையும் ஆர்சியோடு ஒப்பிடுங்கள், ரினியூவல் எந்தத் தேதி வரை என்றும் பாருங்கள். இந்த வயது வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.