அழகு மரம் வாங்கும்போது வேரையும் பாருங்கள்

வீட்டைச் சுற்றி அழகு மரங்களும் பல்லாண்டுச் செடிகளும் வைக்க விரும்புகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, வாங்கும்போது பூவைவிட வேரைக் கவனியுங்கள் என்பதே. நர்சரியில் ஆளுயரத்துக்கு வளர்ந்து, பூங்கொத்துடன் நின்ற ஒரு சரக்கொன்றைக் கன்றைப் பார்த்து, அதன் பையைச் சற்று விலக்கிக் காட்டும்படி கேட்டேன். விரல் பருமனான வேர் பைக்குள்ளேயே வட்டமிட்டு, மண் தெரியாத அளவுக்குப் பின்னிக் கிடந்தது. இப்படிச் சுருண்ட வேர், தரையில் நட்ட பிறகும் சுற்றியபடியே பருத்து, நாளடைவில் அடித்தண்டை நெரிக்கும். மரமும் பிடிப்பில்லாமல் பலத்த காற்றில் சாய்ந்துவிடும். ஆகவே பக்கத்தில் முழங்கால் உயரத்தில் நின்ற இளங்கன்றையே வாங்கினேன். தொடக்கத்தில் அது வளர்கிறதா என்றே ஐயம் வந்தது; வேர் ஆழமாக இறங்கிய பின்னரோ, கடுங்கோடையிலும் அதற்குத் தனியாகத் தண்ணீர் ஊற்றத் தேவை ஏற்படவில்லை. பூக்கும் காலத்தை ஒட்டிச் சரக்கொன்றை இலையுதிர்ப்பது இயல்பு. பட்டுவிட்டது என்று முடிவுகட்டும் முன், சிறு கிளையின் பட்டையை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது.

குல்மோகர் கண்ணைப் பறிக்கும் மரம்தான், ஆயினும் சிறிய மனைக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. அதன் வேர்கள் மேலாகவே பரவித் தளத்தைப் பெயர்க்கும், கிளைகளும் காற்றில் எளிதில் ஒடியும். அந்தச் செம்மஞ்சள் நிறம் வேண்டுமென்றால் மயில்கொன்றை போதும். அது ஏறத்தாழ 3 மீட்டர் உயரமே வளரும், கிளைகளை வெட்டிக் கவாத்து செய்தால் புதுத்தளிர் விட்டுப் பூக்கும்.

செடிகளில் மண்ணைப் பார்த்துத் தேர்வு செய்வதே பெரும்பகுதி வேலை. சுண்ணாம்பு மிகுந்த என் தோட்டத்து மண்ணில் இட்லிப்பூச் செடியின் இளம் இலைகள் மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சையாக நின்றன. மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும், காரத்தன்மையால் வேர் அதை உறிஞ்ச முடியாமல் போவதன் அடையாளம் அது. அதே வரிசையில் நின்ற அரளிக்கு ஒரு குறையும் இல்லை; வறட்சியையும் உப்பு மண்ணையும் தாங்கும் செடி அது. ஆனால் அரளியின் எல்லாப் பகுதிகளும் நஞ்சு என்பதால், சிறு குழந்தைகளும் ஆடு மாடுகளும் உள்ள வீட்டில் அதை வைக்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. காகிதப்பூவுக்கு நல்ல வெயில் வேண்டும். தண்ணீரைக் குறைத்தால்தான் இலை அடங்கிப் பூ நிறையும்.

வறட்சி தாங்கும் மரம் என்றால் நட்ட நாளிலிருந்தே தண்ணீர் தேவையில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். வேர் பரவும் வரை எந்த மரத்துக்கும் தண்ணீர் வேண்டும். அதையும் நாள்தோறும் கொஞ்சமாகத் தெளிக்காமல், இடைவெளி விட்டு ஆழமாக நனையும்படி ஊற்றினால் வேர் ஈரத்தைத் தேடிக் கீழே இறங்கும். நடும்போது தண்டும் வேரும் சேரும் இடம் மண்மட்டத்துக்குக் கீழே புதையாமலும், ஈரம் காக்க மண்மேல் பரப்பும் சருகு, வைக்கோல் போன்ற மூடாக்கு தண்டைத் தொடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.