அங்கோர் வாட் புடைப்புச் சிற்பங்கள்: வலமாகச் சுற்றினால் கதை ஏன் தலைகீழாக வருகிறது?

ஒற்றியூர் வாசகி (திருவொற்றியூர்)

அண்மையில் அம்மாவுடன் கம்போடியா சென்று அங்கோர் வாட்டைப் பார்த்து வந்தேன். வடிவுடையம்மன் கோயிலில் நாள்தோறும் வலம் வந்து பழகியவர் என்பதால், மேற்கு வாசலில் நுழைந்ததும் அம்மா இடப்பக்கம் திரும்பி, கருவறை வலக்கைப் பக்கம் இருக்கும்படி சுற்றத் தொடங்கினார். முதலில் இலங்கைப் போர் வந்தது. தெற்குச் சுற்றை அடைந்தபோது, நரக வேதனைகளையெல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் எருமை மீதமர்ந்து தீர்ப்பு வழங்கும் எமனைக் கண்டோம். அதற்கடுத்த சுவரில் அரசனுடைய படை முழுவதும் எங்களுக்கு எதிரே நடந்து வந்தது. நாங்கள் சுற்றிய திசை தவறா? விஷ்ணு கோயில் என்கிறார்கள். ஆனால் உள்ளே வழிபாட்டில் இருப்பவர் புத்தர். இதைக் கட்டியது சோழர் என்று எங்கள் தெருவில் ஒருவர் உறுதியாகச் சொல்வதும் சரிதானா?

பெரம்பூர் நூலகத்தான்

அம்மா, நீங்கள் கவனித்ததே விடைக்கு வழி காட்டுகிறது. அச்சுவர்களை இடமாக, அதாவது மேற்கிலிருந்து தெற்கு, கிழக்கு, வடக்கு என்று கருவறை இடக்கைப் பக்கம் இருக்கும்படி சுற்றினால்தான் தொடர்ச்சி விளங்கும். குருசேத்திரப் போர், அரசனின் ஊர்வலம், எமனின் தீர்ப்பும் 37 சொர்க்கங்களும் 32 நரகங்களும், பிறகு பாற்கடல் என்பது அவ்வரிசை. இறுதிச் சடங்குகளில் இடமாகச் சுற்றுவது மரபு என்பதாலும், கோயில் மேற்கு நோக்கியிருப்பதாலும், இது அரசனுடைய நினைவாலயமாகவும் எண்ணிக் கட்டப்பட்டது என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். மேற்கு நோக்கிய வாசல் விஷ்ணுவுக்கும் உரியது என்பதால், திசையை மட்டும் வைத்து முடிவு செய்ய நான் தயங்குவேன். ஆனால் அந்த ஊர்வலச் சுவரில் அரசனுக்குப் 'பரமவிஷ்ணுலோக' என்னும் பெயர், மறைந்த பிறகு வழங்கும் பெயர், பொறிக்கப்பட்டிருப்பதையும் சேர்த்துப் பார்த்தால் அக்கருத்து வலுப்பெறுகிறது.

சோழர் கட்டவில்லை. 12-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கம்போடியாவின் கெமர் அரசன் இரண்டாம் சூரியவர்மன் கட்டினான். சோழ மன்னன் முதலாம் இராசேந்திரன் அதற்கு முன்பே, 1044-இல், மறைந்துவிட்டான். காம்போச (கம்போடிய) அரசன் இராசேந்திரனுக்குத் தேர் அனுப்பியதைச் சோழரின் கரந்தைச் செப்பேடுகள் கூறுகின்றன. நமக்கு உள்ள உண்மையான தொடர்புகளில் அதுவும் ஒன்று. அதைப் போற்றுவோம், கட்டியவர்களின் பெருமையை அவர்களுக்கே விட்டுவிடுவோம்.

இராயபுரம் கல்தச்சன்

உளி பிடித்துப் பழகிய கண்ணோடு ஒன்று சொல்கிறேன். அங்கே அடித்தளத்தின் உள்ளீடு செம்புராங்கல். வெளியே தெரிவது மணற்கல். நம் கருங்கல்லில் அத்தனை ஆழம் குறைந்த புடைப்பில் அவ்வளவு நுணுக்கத்தைக் கொண்டுவர மிகப் பாடுபட வேண்டும். மணற்கல் அதற்கு இடம் கொடுக்கிறது. பாற்கடல் கடையும் காட்சி ஏறத்தாழ 49 மீட்டர் நீளமுடைய ஒரே சுவர். இடப்பக்கம் 92 அசுரர், வலப்பக்கம் 88 தேவர், நடுவில் விஷ்ணு, கீழே ஆமையும் கடல்வாழ் உயிர்களும், மேலே பறக்கும் அரம்பையர். இத்தனை பேர் ஒரே வாசுகியைப் பிடித்து ஒரே சாய்வில் இழுப்பதால், ஒவ்வோர் உருவமும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருந்தும், இழுவிசை சுவர் முழுவதும் ஓடுவதாக நம் உடலே உணர்கிறது. நான் பார்த்த கல்வேலைகளில் இதற்கு இணையாகச் சிலவற்றையே சொல்வேன்.

மேற்கூரை கற்களை உள்நோக்கிச் சிறிது சிறிதாக நீட்டி அடுக்கியது. வளைவுக் கட்டுமானம் இல்லை. ஆகவே சுற்று அகலமாக இருக்க முடியாது. நீங்கள் சுவருக்கு மிக அருகில் நின்று, நடந்து நடந்தே படிக்க வேண்டியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பின்புறம் அரைவட்டமாக வளைந்த நம் ஒற்றியூர்த் தூங்கானை மாட விமானத்தைப் பின்புறம் நின்று பார்ப்பவர்களுக்கு, கட்டுமான வடிவமே நடையை எப்படித் திருப்புகிறது என்பது தெரிந்திருக்கும்.

பெரம்பூர் நூலகத்தான்

புத்தர் பற்றிய கேள்வி விடுபட்டது. கெமர் நாடு பின்னர் தேரவாத பௌத்தத்தைத் தழுவியபோது இக்கோயிலும் பௌத்த வழிபாட்டிடமாயிற்று; ஆயினும் விஷ்ணுவின் கதைகளை யாரும் சிதைக்கவில்லை. அதைவிட வியப்பு, முடிக்கப்படாமல் கிடந்த வடகிழக்குப் பகுதிச் சுவர்களில் அசுரரை விஷ்ணு வெல்வதும், பாணாசுரனைக் கண்ணன் வெல்வதும் 16-ஆம் நூற்றாண்டில், பௌத்த அரசர் காலத்தில் செதுக்கப்பட்டன. கைத்திறன் தாழ்ந்தது உண்மைதான். எனக்கு அச்சுவர்கள் அதனாலேயே பிடிக்கும்.

ஆனால் எங்கும் இப்படி நடக்கவில்லை. பிற்காலக் கெமர் அரசன் ஏழாம் செயவர்மன் அங்கோரிலேயே எழுப்பிய பௌத்தக் கோயிலான பாயோனில், அவனுக்குப் பின் புத்த உருவங்கள் செதுக்கி நீக்கப்பட்டன. கருவறையிலிருந்த 3.6 மீட்டர் உயரப் புத்தர் சிலை உடைக்கப்பட்டு, 1933-இல் கோயிலின் கிணற்றுக் குழியிலிருந்து துண்டுகளாக மீட்கப்பட்டது. அண்டை நாடான சம்பாவின் சாம் மக்களுடனான படகுப் போரும் சேவல் சண்டையும் சந்தையும் சமையலும் நிறைந்த அதன் வெளிச்சுற்றைப் பார்த்தீர்களா?

ஒற்றியூர் வாசகி

பார்த்தோம் ஐயா, சேவல் சண்டைச் சுவரருகே அம்மா நெடுநேரம் நின்றார். உங்கள் இருவர் விளக்கத்தையும் அவருக்குப் படித்துக் காட்டினேன். அங்கோர் வாட்டில் எடுத்த படங்களைக் கடைசிப் படத்திலிருந்து தொடங்கி வரிசை மாற்றி அடுக்கியிருக்கிறோம். இப்போது படை எங்களோடு நடக்கிறது. எமன் நரகத்திற்கு முன்னால் வருகிறார்.