[கலைச்சொல்] மீத்திறன் கல்வி: யுனிவர்சல் ஸ்க்ரீனிங் – தமிழில் என்ன?

மதிவாணன் எழுதியது:

அன்பர்களே, வணக்கம்.

அமெரிக்காவில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தமிழ்ப் பெற்றோருக்கான கையேடு ஒன்று தமிழாக்கத்தில் இருக்கிறது. வயதை மிஞ்சிய திறனுள்ள பிள்ளைகளுக்கான மீத்திறன் கல்விப் பகுதியில் 'யுனிவர்சல் ஸ்க்ரீனிங்' இடறுகிறது. மொழிபெயர்ப்புச் செயலி 'உலகளாவிய திரையிடல்' என்கிறது. படிப்பவர் ஏதோ திரைப்பட விழா என்றுதான் நினைப்பார்.

பொருள் இது: ஒரு கல்வி மாவட்டத்தில் குறிப்பிட்ட வகுப்பில், பெரும்பாலும் இரண்டாம் வகுப்பில், படிக்கும் அத்தனை பிள்ளைகளுக்கும், யாரும் கேட்காமலேயே, ஒரு சிறு திறனறி சோதனை வைக்கிறார்கள். வரம்பைத் தொட்டவர்கள் அடுத்த கட்ட மதிப்பீட்டுக்குப் போவார்கள். பழைய முறையில் ஆசிரியரோ பெற்றோரோ பெயர் கொடுத்தால்தான் சோதனையே நடக்கும். வாஷிங்டன் மாநிலம் 2023-இல் இதைச் சட்டமாக்கியது: இரண்டாம் வகுப்பிலோ அதற்கு முன்போ ஒரு முறை, ஆறாம் வகுப்பிலோ அதற்கு முன்போ மறுபடி ஒரு முறை.

'மீத்திறன்' நிலைத்துவிட்ட சொல், அதைத் தொட வேண்டாம். ஸ்க்ரீனிங்குக்கு மட்டும் 'முழுமை வடிகட்டல்' என்று முன்மொழிகிறேன். பிழையிருந்தால் திருத்துங்கள்.

அன்புடன்,
மதிவாணன்

----------

தேன்மொழி எழுதியது:

> 'முழுமை வடிகட்டல்' என்று முன்மொழிகிறேன்.

ஐயா, 'வடிகட்டல்' வேண்டவே வேண்டாம். தேர்வு பற்றிப் பேசும்போது அந்தச் சொல்லுக்கு 'தகுதியில்லாதவர்களைக் கழித்துக்கட்டுதல்' என்ற பொருள் ஏறிவிட்டது. இங்கே நடப்பது நேரெதிர். யார் கண்ணிலும் படாமல் இருக்கும் பிள்ளையைத் தேடிப் பிடிக்கத்தான் இந்த ஏற்பாடு.

ஃபுளோரிடாவின் பெரிய கல்வி மாவட்டம் ஒன்றில் 2005-இல் இது தொடங்கியது. இரண்டாம் வகுப்பில் எல்லோருக்கும் வடிவப் புதிர்களால் ஆன நாக்லியரி மொழிசாராச் சோதனை. சராசரி 100 என்று இருக்கும் அதில் 130 எடுத்தவர்களை, ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளாகவோ ஆங்கிலம் இன்னும் கற்றுவருபவர்களாகவோ இருந்தால் 115 எடுத்தவர்களை, மாவட்ட உளவியலாளரின் நுண்ணறிவுச் சோதனைக்கு அனுப்பினார்கள். மீத்திறன் வகுப்பில் சேர்வதற்கான தகுதி மதிப்பெண்ணில் ஒரு புள்ளிகூடக் குறைக்கவில்லை. அப்படியிருந்தும் கறுப்பின, ஹிஸ்பானியப் பிள்ளைகளின் சேர்க்கை வெகுவாக ஏறியது. இதை ஆராய்ந்து டேவிட் கார்டும் லாரா ஜூலியானோவும் 2016-இல் வெளியிட்ட கட்டுரை, பரிந்துரை முறையில் விடுபட்டவர்களின் பட்டியலில் பெண் பிள்ளைகளையும் சேர்க்கிறது. பிறகு நிதி நெருக்கடியில் திட்டத்தைச் சுருக்கினார்கள், ஏறிய சேர்க்கையும் இறங்கிவிட்டது.

பரிந்துரையில் ஏன் விடுபடுகிறார்கள் என்றால், ஆசிரியர் கண்ணுக்கு முதலில் படுவது கையெழுத்து அழகாக இருக்கிற, வீட்டுப்பாடம் தவறாத, சரளமாகப் பேசுகிற பிள்ளை. புதிர்களை மனதுக்குள்ளேயே முடித்துவிட்டுச் சன்னலைப் பார்க்கிற பிள்ளைக்குக் 'கவனமில்லை' என்று குறிப்பு எழுதுவார்கள். போதாக்குறைக்கு, வசதியுள்ள பெற்றோர் தனியார் உளவியலாளரிடம் சோதித்துச் சான்று வாங்கி வந்துவிடுவார்கள்.

ஆகவே சொல்லில் 'கழித்தல்' வாடை இருக்கக் கூடாது.

----------

அருள் எழுதியது:

'வடிகட்டல்' போனால் அடுத்து 'சலித்தல்' வரும். பெயர்ச்சொல்லாக்கினால் 'சலிப்பு'! 'அரித்தல்' என்றால் 'அரிப்பு'. இரண்டையும் இப்போதே புதைத்துவிடுவோம்.

நான் சொல்வது 'முதற்சோதனை'. 'முதல்' என்று சொன்னாலே 'அடுத்து ஒன்று உண்டு' என்பது தானாக விளங்கும். இந்த முறை பெரும்பாலும் சறுக்குவது அந்த இரண்டு கட்டங்களின் இணைப்பில்தான். கணக்கோடு சொல்கிறேன்.

சராசரி 100, திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் சராசரியைவிட்டுப் பரவும் அளவு) 15 என்று இருக்கும் அளவுகோலில் 130-க்கு மேல் வருவோர் ஆயிரத்தில் ஏறத்தாழ 23 பேர். 120-க்கு மேல் 91 பேர். 115-க்கு மேல் 159 பேர். இரண்டாம் கட்டம் ஒருவருக்கு ஒருவர் அமர்ந்து நடத்துவது. ஒரு பிள்ளைக்கு ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம், அறிக்கை எழுதும் நேரம் தனி. நாளுக்கு இருவர் என்று ஓர் உளவியலாளர் பார்த்தால் 91 பேருக்கு 46 பள்ளி நாள் ஆகும். நிர்வாகம் பயந்துபோய் முதற்கட்டத்துக்கும் 130 என்றே வரம்பு வைத்துவிடும்.

அங்கேதான் கோளாறு. எந்தச் சோதனைக்கும் அளவீட்டுப் பிழை உண்டு. உண்மைத் திறன் சரியாக 130 உள்ள பிள்ளை முதற்கட்டத்தில் 130-ஐத் தொட வாய்ப்பு பாதி, இரண்டாம் கட்டத்தில் மறுபடி பாதி. ஆக மொத்தம் கால்வாசிதான். பிழை 6 புள்ளி என்று கொண்டு முதல் வரம்பை 120-க்கு இறக்கினால் முதற்கட்டத்தில் நூற்றுக்கு 95 வாய்ப்பு. மொத்தத்தில் பாதிக்குச் சற்றே கீழே. அதாவது முதற்கட்டத்தால் வரும் இழப்பு கிட்டத்தட்ட இல்லாமல் போகிறது. முதல் வரம்பு எப்போதும் இறுதி வரம்பைவிடத் தாழ்ந்தே இருக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். தேன்மொழி அம்மா சொன்ன ஃபுளோரிடா மாவட்டத்திலும் பொது மாணவருக்கு இரண்டு கட்டத்திலும் 130 என்றே இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

----------

மதிவாணன் எழுதியது:

'வடிகட்ட'லைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் ஒரு சிக்கல். சில மாவட்டங்களில் எல்லோருக்கும் 'காகேட்' என்ற திறனறி முழுச் சோதனையை ஒரே தடவை வைத்து, அந்த மதிப்பெண்ணிலேயே சேர்க்கையை முடித்துவிடுகிறார்கள். சொல், எண், வடிவம் என மூன்று பகுதியும் அதில் உண்டு. இரண்டாவது கட்டமே கிடையாது. அதற்கும் 'முதற்சோதனை' என்றால் பொருந்துமா?

----------

அருள் எழுதியது:

பொருந்தாது, பொருந்தவும் வேண்டாம். அது வேறு வேலை. அதற்கு 'அனைவர் முழுச்சோதனை' என்று தனிச் சொல் வைப்போம். கூட்டுச்சொல்லில் 'அனைவருக்குமான' என்று நீட்டத் தேவையில்லை. விளக்கத்தில் விரித்து எழுதிக்கொள்ளலாம். பள்ளியிலிருந்து கடிதம் வரும்போது பெற்றோர் கேட்க வேண்டிய முதல் கேள்வியே 'இது முதற்சோதனையா, முழுச்சோதனையா?' என்பதுதான். முதற்சோதனையில் வரம்பைத் தொட்டவுடன் இடம் கிடைத்துவிட்டதாக எண்ணுவோரும் உண்டு, தொடவில்லை என்றதும் பிள்ளைக்குத் திறனே இல்லை என்று முடிவுகட்டுவோரும் உண்டு.

முழுச்சோதனையில் வேறொரு பொறி இருக்கிறது: மூன்று பகுதியையும் எப்படிச் சேர்க்கிறார்கள் என்பது. 'ஏதேனும் ஒன்றில் வரம்பு' என்றால் பலர் வருவர். 'மூன்றிலும் வரம்பு' என்றால் விரல்விட்டு எண்ணலாம். சராசரி எடுத்தால் கணக்கில் மட்டும் கொடிகட்டும் பிள்ளை கீழே போய்விடும். இதற்குக் 'கூட்டுவிதி' என்று கையேட்டில் ஒரு சொல் தேவைப்படும்.

----------

கபிலன் எழுதியது:

'சோதனை' என்றாலே 'எனக்கு வந்த சோதனை' நினைவுக்கு வருகிறதே. 'முதல் அலசல்' எளிமையாக இல்லையா?

----------

தேன்மொழி எழுதியது:

கபிலன், 'அலசல்' செய்தித்தாள் சொல்லாகிவிட்டது. தேர்தல் அலசல், திரை அலசல் என்று. குருதிச் சோதனை, கண் சோதனை என்று நாள்தோறும் சொல்கிறோம், யாரும் துன்பம் என்று பொருள்கொள்வதில்லை. சொல்லப்போனால் கண் சோதனைதான் இதற்கு நெருங்கிய உறவு: வகுப்பில் எல்லோரையும் பலகை படிக்கச் சொல்லி, தடுமாறுபவரை மட்டும் மருத்துவரிடம் அனுப்புகிறோம்.

எனக்கு 'முதற்சோதனை' சம்மதம். 'அனைவர்' என்ற முன்னொட்டைத்தான் விடக் கூடாது. பெயரளவில் எல்லோருக்கும் என்று அறிவித்துவிட்டு நடைமுறையில் கோட்டைவிடுகிற இடங்கள் நிறைய.

முதலாவது ஒப்புதல் படிவம். 'கையெழுத்திட்டு அனுப்பினால்தான் சோதிப்போம்' என்றால், படிவம் புத்தகப்பையின் அடியில் கசங்கிக் கிடக்கும் பிள்ளைகள் விடுபடுவர். பழைய பரிந்துரை முறையில் விடுபட்டவர்களும் பெரும்பாலும் அவர்களே. 'வேண்டாம் என்றால் மட்டும் எழுதித் தாருங்கள்' என்று மாற்றினால்தான் அது அனைவருக்குமானது. (இரண்டாம் கட்டத் தனிச் சோதனைக்குப் பெற்றோர் ஒப்புதல் வாங்கியே ஆக வேண்டும். அங்கே கடிதம் திரும்பி வராவிட்டால் தொலைபேசியில் அழைக்க ஓர் ஆள் வேண்டும்.)

அடுத்தது வராதவர்கள். எழுதியவர் பட்டியலை வைத்துச் சரிபார்த்தால் எல்லோரும் எழுதியதாகத்தான் தெரியும். வருகைப் பதிவேட்டை எடுத்து எதிரே வைத்து டிக் அடிக்க வேண்டும். விடுபட்டோருக்கு மறுநாள் ஒன்று, அடுத்த வாரம் ஒன்று என இரண்டு அமர்வாவது ஒதுக்க வேண்டும். ஆண்டு நடுவில் வேறு பள்ளியிலிருந்து வந்து சேர்பவர்களுக்குத் தனி ஏற்பாடு.

பிறந்த தேதி. இதைப் பலர் கவனிப்பதே இல்லை. திட்ட மதிப்பெண்ணை, அதாவது ஒத்த வயதினரோடு ஒப்பிட்டுத் தரும் மதிப்பெண்ணை, வயதைக் கொண்டு கணிக்கிறார்கள். சில மாத வயது இடைவெளிக்கு ஓர் அட்டவணை. ஏழு வயதுப் பிள்ளையைத் தவறுதலாக எட்டு வயது என்று பதிந்தால், அதே சரியான விடைகளுக்கு மதிப்பெண் இறங்கிவிடும். அமெரிக்காவில் மாதம் முன், நாள் பின் என்று எழுதுவது வழக்கம். நாளை முன்னால் எழுதிப் பழகிய நம்மவர்கள் சேர்க்கைப் படிவத்திலேயே மாற்றி எழுதிவிட வாய்ப்பிருக்கிறது. கையேட்டில் இதை அழுத்தமாகப் போடுங்கள்.

நாக்லியரி சோதனை 48 வினா, 30 நிமிடம். செய்முறை வினாக்களை அவசரமாக ஓட்டிவிட்டால், ஏழு வயதுப் பிள்ளை என்ன கேட்கிறார்கள் என்றே புரியாமல் முதல் பத்து வினாக்களை வீணாக்கிவிடும். விடைத்தாளில் ஒரு வரி தாண்டிக் குறித்துவிட்டால் மீதி அத்தனையும் பிழை. ஆசிரியர் இருக்கைகளுக்கிடையே நடந்துகொண்டே இருக்க வேண்டும்.

'மொழிசாரா' என்ற அடைமொழியையும் அளவுக்கு மேல் நம்ப வேண்டாம். வடிவப் புதிர்களால் மட்டும் தெரிந்தெடுத்துவிட்டு, உள்ளே போனால் கனமான வாசிப்பும் கட்டுரையும்தான் பாடம் என்றால், சோதித்தது ஒன்று, கற்பிப்பது ஒன்று. மொழித்திறன் மிக்க பிள்ளை வெளியே நிற்கும்.

----------

அருள் எழுதியது:

தேன்மொழி அம்மாவின் மடலை அப்படியே கையேட்டில் சேர்க்கலாம். கபிலனும் இசைந்தால் கீழுள்ளவற்றைச் சொற்கோவையில் ஏற்றிவிடுகிறேன்.

அனைவர் முதற்சோதனை: ஒரு வகுப்பின் எல்லா மாணவருக்கும், பரிந்துரையை எதிர்பாராமல், அடுத்த கட்ட மதிப்பீட்டுக்கு உரியோரைக் கண்டறிய நடத்துவது. சேர்க்கை முடிவு இதில் எடுக்கப்படுவதில்லை. சுருக்கமாக: முதற்சோதனை.

முதற்சோதனை வரம்பு: அடுத்த கட்டத்துக்கு அனுப்பும் மதிப்பெண். சேர்க்கை வரம்பைவிடத் தாழ்ந்திருக்க வேண்டியது.

விடுபடல்: திறனிருந்தும் வரம்பைத் தொடாமல் போவது. 'பொய் எதிர்மறை' மருத்துவத்தில் புழங்கினாலும் பெற்றோருக்கு இதுதான் விளங்கும்.

பள்ளிவாரி நியமம்: நாடு முழுவதற்குமான அட்டவணையை விட்டுவிட்டு அந்தந்தப் பள்ளியின் பிள்ளைகளோடு மட்டும் ஒப்பிட்டு, எடுத்துக்காட்டாக மேலே உள்ள 5 விழுக்காட்டினரை எடுப்பது.

கடைசிச் சொல்லில் எனக்கே முழு நிறைவில்லை. மாவட்ட அளவில் ஒப்பிடுவதும் உண்டு; அப்போது 'பள்ளிவாரி' பொருந்தாது. 'உள்ளூர் நியமம்' என்றால் ஊரைக் குறிக்கிறது. மதிவாணன் ஐயா, இதற்குத் தனி இழை தொடங்குங்கள்.