புதுப்பிப்பு: லண்டன் குளோப் முற்றத்தில் நின்று நாடகம் பார்த்தேன்

முழங்கால் வலியோடு குளோப் நாடக அரங்கின் முற்றத்தில் (மேடையைச் சுற்றி, இருக்கை இல்லாத இடம்) நின்றபடி ஷேக்ஸ்பியரின் ‘எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்’ முழுவதும் பார்க்க முடியுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பார்த்துவிட்டேன்!

கைகொடுத்தது, “சீக்கிரம் போய் மேடை ஓரத்தைப் பிடித்துவிடு” என்ற யோசனைதான். முற்றத்தில் உட்கார விடமாட்டார்கள். ஆனால் மேடை விளிம்பில் முழங்கையை ஊன்றிச் சாய்ந்துகொள்ளலாம். இடைவேளையில் தங்கை இடத்தைப் பார்த்துக்கொள்ள, நான் வெளியே போய் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

முற்றத்துக்குக் கூரை கிடையாது, குடைக்கும் அனுமதி இல்லை. மழைக்கோட்டு எடுத்துப் போகச் சொன்னவர் வாழ்க! இரண்டாம் பாதியில் நன்றாகவே தூறியது.

நான் எதிர்பார்க்காதது, நடிகர்கள் கூட்டத்துக்குள்ளேயே நடந்து வந்தது. மந்திரத்தால் கழுதைத் தலை வந்துவிடும் நெசவாளி பாட்டமாக நடித்தவர், அந்தத் தலையோடு என்னை உரசிக்கொண்டு மேடையேறினார். அந்தக் காது ரோமத்தில் மழைத்துளிகள் நின்றன. அதை மறக்கவே மாட்டேன்.

அப்புறம், கதையை முன்கூட்டியே படித்துவிட்டுப் போங்கள். ஹெர்மியா, ஹெலெனா, லைசாண்டர், டிமிட்ரியஸ் நால்வரில் யார் யாரைக் காதலிக்கிறார்கள் என்பது காட்டுக்குள் போனதும் தலைகீழாகிவிடும். பழைய ஆங்கிலம் பாதி புரியாவிட்டாலும் அப்போது சிரிப்பு தவறாது.